ஊசி நடுவுக்கு வந்ததும் மிதிக்காதீர்கள்: கார் இன்ஜினை முறையாகச் சூடேற்றுவது எப்படி

பொள்ளாச்சியில் இரவு தங்கிவிட்டுக் காலையில் வால்பாறைக்குக் கிளம்பினால், ஆழியாறு வரை 20 கிலோமீட்டருக்கு மேல் சமவெளிச் சாலை. மலை தொடங்குவதற்குள் இன்ஜின் தயாராகிவிடும். ஆழியாறு அணைப் பக்கமே தங்கியிருந்தால் நிலைமை வேறு. வண்டியை எடுத்த சில நிமிடத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது வந்துவிடும். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், இரண்டாம் கியர், ஆக்சிலரேட்டர் முக்கால் பங்கு அழுந்தியிருக்கும். அந்த நேரத்தில் இன்ஜின் ஆயில் பாதிச் சூட்டைக்கூட எட்டியிருக்காது.

“நம் ஊரில்தான் எப்போதும் வெயிலாயிற்றே, வார்ம்-அப் எல்லாம் பனி பெய்கிற நாட்டுக்காரர்களுக்கு” என்று சொல்பவர்கள் நிறைய. சென்னையில் காலை 28 டிகிரி என்பது நமக்குப் புழுக்கம். 90 டிகிரியில் ஓடும்படி அளவெடுத்துச் செய்த இன்ஜினுக்கு அது குளிர்தான். ஊட்டிக்கும் சென்னைக்கும் உள்ள வித்தியாசம் சூடேற எத்தனை நிமிடம் ஆகும் என்பதில் மட்டுமே.

இன்னொரு பக்கம், காலையில் ஸ்டார்ட் செய்து வாசலில் பத்து நிமிடம் நிற்கவிட்டு, நடுவில் இரண்டு முறை ‘ரேஸ்’ கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. ஏன் என்று பார்க்கலாம்.

குளிர்ந்த இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது

முதலில் ஆயில். இன்றைய கார்களில் பரவலாக ஊற்றப்படும் 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கெட்டியாக இருக்கும். ஊட்டியின் 5 டிகிரிக் காலையில் அது 30 மடங்கையும் தாண்டும். ‘5டபிள்யூ’ என்று போட்டிருப்பதால் குளிரில் ஆயில் தண்ணீராக இருக்கும் என்று நினைப்பது தவறான புரிதல். அந்த எண், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் இன்ஜின் சுழலும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும் என்று மட்டுமே சொல்கிறது. எந்த ஆயிலும் குளிரில் கெட்டி, சூட்டில் மெலிவு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிச் சாய்த்துப் பிடியுங்கள். ஆயில் நுனிக்கு வந்து, திரண்டு, நீளமாகத் தொங்கித் தயங்கி விழும். அரை மணி நேரம் ஓட்டி வந்து, வண்டியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து உருவினால் அதே ஆயில் சொட்டுச் சொட்டாக ஓடும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டுகளைத் தாங்கும் கேம்ஷாஃப்ட் பேரிங்கிலும் பெரிய எண்ட் பேரிங்கிலும் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளிதான் உண்டு. காலையில் பார்த்த அந்த ஆயில்தான் அதற்குள் நுழைந்து ஓட வேண்டும்.

ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஆயில் அழுத்த மீட்டர் அதிகமாகவே காட்டும். அதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அழுத்தம் இருக்கிறது என்றால் ஓட்டமும் போதிய அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை) ஏற்றினால் ஃபில்டருக்குள் இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். ஆயில் வடிகட்டும் தாளைத் தொடாமல், அழுக்கோடு நேராகப் பேரிங்குக்குப் போகும்.

அடுத்து பிஸ்டன். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் பல இன்ஜின்களில் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 74 மில்லிமீட்டர் பிஸ்டன் 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போனால் கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாகும். அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் அதில் நாலில் ஒரு பங்கு விரிந்தாலே அதிகம். அதனால்தான் பிஸ்டனைக் குளிரில் முழு வட்டமாகச் செய்வதில்லை. லேசான நீள்வட்டமாக, மேல் பக்கம் ஒடுங்கினதாகச் செய்கிறார்கள். சூடேறிய பிறகே அது தன் சரியான வடிவத்துக்கு வருகிறது. குளிர்ந்த இன்ஜினில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிஸ்டன் தலை சட்டென்று சூடாகி விரியும், சிலிண்டரோ இன்னும் குளிர்ந்தே இருக்கும். இடைவெளி திடீரென்று குறைவது அப்போதுதான். பிஸ்டன் பக்கவாட்டில் கோடு விழுவதும் அப்போதுதான்.

மூன்றாவது பெட்ரோல். குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதை ஈடுகட்ட இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியு கூடுதலாகப் பீய்ச்சும். மிஞ்சியது சுவரில் வழிந்து அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வண்டியை நிற்கவிட்டுச் சூடேற்றுவது தவறு என்பதற்கும் இதுதான் முதல் காரணம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நின்றபடி ஓடும்போது, இன்ஜின் உருவாக்கும் சூடு மிகக் குறைவு, அதனால் இந்தக் கழுவல் நிலையிலேயே அது நீண்ட நேரம் கிடக்கும். டீசல் இன்ஜின் ஐடிலில் இன்னும் மெதுவாகத்தான் சூடாகும். கால் மணி நேரம் நிற்கவிட்டாலும் சில டீசல் வண்டிகளில் டாஷ்போர்டின் சூடு காட்டும் ஊசி நடுவைத் தொடாது.

ஸ்டார்ட் செய்யும் முன்னும் முதல் அரை நிமிடமும்

மலைக்கோ ரேஸ் டிராக்குக்கோ போகும் நாளில் ஆயில் அளவை டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதன் தொட்டியில் மினிமத்துக்கும் மேக்ஸிமத்துக்கும் இடையில் இருக்கிறதா என்று குளிர்ந்த நிலையிலேயே பாருங்கள். ஆயில் கிரேடு கையேட்டில் சொன்னதுதான். “வெயில் ஊர், கெட்டி ஆயில் போடுங்க” என்ற பேச்சைக் கேட்டு 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், சூடேறும் நேரம் முழுக்க ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாகவே இருக்கும்.

சாவியையோ பட்டனையோ முதலில் இக்னிஷன் நிலையில் இரண்டு விநாடி வையுங்கள். பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். டீசலானால் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் அது. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் செல்ஃப் அடியுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு இரண்டு மூன்று விநாடிக்குள் அணைய வேண்டும். ஐந்து விநாடி ஆகியும் எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், திரும்ப முயன்று பார்க்க வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடில் 1,200 அல்லது 1,400 ஆர்பிஎம்மில் நிற்கும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க இசியு வேண்டுமென்றே செய்வது அது, கோளாறு இல்லை. சமவெளியில் 15 முதல் 30 விநாடி போதும். சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஆயில் மேல்வரைக்கும் ஏறியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் காலையில் ஒரு நிமிடம் கொடுங்கள். கண்ணாடிப் பனி விலகவும் அந்த நேரம் வேண்டும். இதற்குமேல் நிற்பதில் பலன் இல்லை.

ஓட்டியே சூடேற்றுங்கள்

முதல் 2, 3 கிலோமீட்டரில் பெட்ரோல் இன்ஜினை 2,500 ஆர்பிஎம்முக்கு மேலும், டீசலை 2,000-க்கு மேலும் ஏற்ற வேண்டாம். ஆக்சிலரேட்டர் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கியர் மாற்றும்போது இழுவை குலுங்காமல் மெதுவாக.

இங்கே பலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். ஆர்பிஎம் ஏறக் கூடாது என்பதற்காக 1,200-லேயே நான்காம் கியர் போட்டு, வண்டி முனக முனக மிதிக்கிறார்கள். குளிர்ந்த பேரிங்குக்கு அதிக ஆர்பிஎம்மைவிட இது கொடுமை. பாரம் முழுதும் மெதுவாகச் சுழலும் கிராங்க் தண்டின் மேல் விழுகிறது. ஆயில் படலம் தாங்குவதற்குத் தேவையான வேகம் அங்கே இல்லை. டர்போ பெட்ரோலில் குறைந்த ஆர்பிஎம், முழு மிதி என்ற சேர்க்கை பெட்ரோல் தானாகவே முன்கூட்டிப் பற்றிக்கொள்ளும் ஆபத்தையும் கொண்டுவரும். பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது பலமாக இருக்கலாம். 1,800-க்கும் 2,500-க்கும் இடையில், லேசான காலோடு ஓட்டுவதுதான் சரியான இடம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் சாதாரண டி (டிரைவ்) நிலை போதும். ஸ்போர்ட் மோடு கியரைப் பிடித்துவைத்து ஆர்பிஎம்மை மேலேயே நிறுத்தும் என்பதால் அதைத் தொட வேண்டாம். ஓவர்டேக் செய்ய ஒரேயடியாக மிதித்தால் கியர் இரண்டு படி இறங்கி 5,000-க்குத் தாவும். முதல் சில கிலோமீட்டரில் அந்த ஓவர்டேக்கையே தள்ளிப்போடுங்கள்.

கூலன்ட் 70, 80 டிகிரியைத் தொட்டதும் 3,000, 3,500 வரை போகலாம், பாதி ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். இதற்கு வழக்கமாக 4, 5 கிலோமீட்டர் ஆகும். நீல நிற ‘குளிர்’ விளக்கு மட்டும் உள்ள சின்னக் கார்களில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த விளக்கு அணைவது இன்ஜின் முழுச் சூட்டுக்கு வெகு முன்பே. அது அணைந்தது “இனி சாதாரணமாக ஓட்டலாம்” என்பதற்கான அடையாளம், மிதிக்கலாம் என்பதற்கானது இல்லை.

கூலன்ட் வேறு, ஆயில் வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். டாஷ்போர்டில் தெரியும் ஊசி கூலன்ட் சூட்டைக் காட்டுகிறது. பேரிங்கைக் காப்பதோ ஆயில். கூலன்ட் சிலிண்டர் தலையைச் சுற்றி ஓடுவதால் வேகமாகச் சூடாகும். ஆயிலோ 3, 4 லிட்டர், காற்று அடிக்கிற சம்ப்பில் அடியில் கிடக்கிறது. கூலன்ட் 90-ஐத் தொடும்போது ஆயில் 50, 60-இல்தான் இருக்கும். இன்னும் 8, 10 கிலோமீட்டர் ஓடினால்தான் 80-ஐத் தாண்டும். கூலன்ட் வழியாக ஆயிலைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இன்ஜின்களில் இந்தத் தாமதம் கொஞ்சம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

போதாக்குறைக்கு அந்த ஊசியும் முழு உண்மை சொல்வதில்லை. ஏறி இறங்கினால் ஓட்டுபவர் பதறுவார் என்பதற்காக, 75-இலிருந்து 105 வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன.

இதை முறையாகக் காட்டிய கார்களும் உண்டு. 2000-ஐ ஒட்டி வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்5 கார்களின் ஆர்பிஎம் மீட்டரில் ஆரஞ்சு விளக்கு வரிசை இருக்கும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது குறைந்த ஆர்பிஎம்மிலிருந்தே எச்சரிக்கை எரியும். ஆயில் சூடேற ஏற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து எல்லை மேலே போகும். எஃப்1 இன்ஜினைக் குளிரில் ஸ்டார்ட்டே செய்வதில்லை. சூடான கூலன்டையும் ஆயிலையும் வெளியிலிருந்து சுற்றவிட்டு, உலோகம் விரிந்த பிறகுதான் உயிர் கொடுக்கிறார்கள்.

நம் வண்டியில் ஆயில் சூடு தெரிய இரண்டு வழி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், மெக்கானிக் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் டாங்கிள் செருகி மொபைலில் பார்க்கலாம். கூலன்ட் சூடு எல்லா வண்டியிலும் டிகிரிக் கணக்கில் கிடைக்கும். ஆயில் சென்சார் உள்ள வண்டிகளில் அதுவும் கிடைக்கும். கிடைக்காதவர்கள் கணக்கு போடலாம்: கூலன்ட் தன் நிலையான சூட்டுக்கு வந்த பிறகு இன்னும் 10 நிமிடம் ஓட்டம், நிற்பது சேர்த்தியில்லை. மலை ஊர்க் குளிரில் 15 நிமிடம்.

ஆயில் 80-ஐத் தாண்டியபின்பும் ஒரேயடியாக ரெட்லைனுக்கு (ஆர்பிஎம் மீட்டரின் சிவப்பு எல்லைக்கு) போக வேண்டாம். முக்கால் மிதியில் 4,500 வரை இரண்டு மூன்று முறை இழுத்துப் பாருங்கள். சத்தம், இழுவை எல்லாம் சீராக இருந்தால் அதற்குப் பிறகு முழுதாக. 90 முதல் 110 வரை ஆயிலுக்கு நல்ல இடம். 130-ஐ நெருங்கினால் காலை எடுங்கள்.

மலையிலும் டிராக்கிலும்

ஆழியாறு கணக்குக்கு எளிய விடை, பொள்ளாச்சி சாலையில் 6 கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவது. சுற்றுபோல் தெரியும்; அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். அதற்கும் மனமில்லையென்றால் முதல் பத்து வளைவுகளை அவசரப்படாமல், பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஏறுங்கள்.

மலையிலிருந்து இறங்குவதுதான் அதிகம் பேர் யோசிக்காதது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் இசியு பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜின் 3,500-இல் சுற்றும், ஆனால் உள்ளே எதுவும் எரியாது, சூடும் ஏறாது. குளிர்ந்த ஆயில், அதிக ஆர்பிஎம் என்ற நிலை கிலோமீட்டர் கணக்கில் நீளும். அதற்காக நியூட்ரலில் இறங்குவதோ, பெரிய கியர் போட்டு பிரேக்கை மட்டும் நம்புவதோ கூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 வளைவுகள் இறங்குவதானால், தலைகுந்தா வரை உள்ள கிலோமீட்டர்களையே சூடேற்றப் பயன்படுத்துங்கள். அங்கே போயும் கூலன்ட் 80-ஐத் தொடவில்லையென்றால் இன்னும் சற்று சமதளத்தில் ஓடிவிட்டு இரண்டாம் கியரில் இறங்குங்கள்.

சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கூலன்ட் மட்டும் சூடான நிலையில் உள்ளே போனால் இரண்டு சுற்றாவது மிதமாக ஓடுங்கள். அந்த இரண்டு சுற்றும் இன்ஜினுக்கு மட்டுமல்ல. கியர்பாக்ஸ் ஆயில் இன்ஜின் ஆயிலைவிடத் தாமதமாகத்தான் சூடாகும். குளிரில் இரண்டாம் கியர் கரகரத்தால் அழுத்தித் திணிக்காதீர்கள், கியர்களை உரசாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோ தேயும். டயர் காற்று சூட்டில் 5, 6 டிகிரிக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும், அதனால் குளிர்ந்த நிலையில் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, ஓடி வந்ததும் மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். பிரேக்கை முதல் சுற்றில் நாலைந்து முறை நடுத்தரமாக அழுத்திச் சூடாக்குங்கள். பிரேக் ஆயில் பழசானால் ஈரம் இழுக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதில் அந்த எல்லை 155 வரை இறங்கும்.

சூடே ஏறாத வண்டி

அரை மணி ஓடியும் ஊசி நடுவுக்குக் கீழேயே நின்றால், அல்லது ஹைவேயில் ஏறியதும் ஊசி இறங்கினால், இன்ஜின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேனரில் பி0128 என்று கோட் வரும். அல்லது யாரோ அதைக் கழற்றியே எறிந்திருப்பார்கள். ஹீட் ஆகிறது என்று வந்த வண்டியில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவது நம் ஊர் ஒர்க்ஷாப்களில் பழைய பழக்கம். வியாதி ரேடியேட்டர் அடைப்பிலோ, ஃபேனிலோ, வாட்டர் பம்பிலோ, அழுத்தம் பிடிக்காத மூடியிலோ இருக்கும். தெர்மோஸ்டாட்டை எடுத்தால் அது மறையும், தீராது. இன்ஜின் 60, 70 டிகிரியிலேயே ஓடும், இசியு குளிர் என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் விழும், ஆயில் ஒருநாளும் 80-ஐத் தொடாது.

சோதிப்பது எளிது. தெர்மோஸ்டாட் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பக்கம் உள்ள இன்ஜினில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், கை, துணி எல்லாம் தள்ளியே இருக்கட்டும். நல்ல தெர்மோஸ்டாட்டானால் ஹோஸ் வெகு நேரம் குளிர்ந்தே இருந்து திடீரென்று கொதிக்கும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் அது மூடவில்லை. கழற்றியும் பார்க்கலாம். நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டர் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் வால்வு வாய் பிளக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும்.

நிறுத்தும்போது

மிதித்து ஓட்டிய டர்போ வண்டியை அப்படியே அணைக்காதீர்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுற்றுவது, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இன்ஜினை அணைத்ததும் ஆயில் ஓட்டம் நிற்கும். பழுத்த டர்பைனின் சூடு பேரிங்குக்கு வந்து அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். கடைசி 2 கிலோமீட்டரை 2,000 ஆர்பிஎம்மில் ஓட்டி வந்து, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். மலை உச்சியில் காட்சி பார்க்க நிறுத்தும்போதும் இதே முறை.

தினமும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு இன்னொரு கவனம் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ஆவியாகக் கீழே கசிந்து, சூடேறாத இன்ஜினில் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணெய் திரண்டதுபோல் வெளிர் மஞ்சளாக ஒட்டியிருந்தால் அதுதான். கூலன்ட் குறையாமல் இருக்கும்வரை கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை 30 கிலோமீட்டராவது ஒரே ஓட்டமாக ஹைவேயில் ஓட்டுங்கள்; கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும் 5,000-த்திலோ ஆறு மாதத்திலோ ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.